மறுக்கிற பாட்டு

பாட்டு யாருடையது என்று கேட்டால் நம்மில் பலரும் யோசிக்காமல் 'மக்களுடையது' என்று சொல்லிவிடுகிறோம். கேட்பதற்கு முற்போக்காகத்தான் இருக்கிறது. ஆனால் சேரியிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு போக வந்தவர்களுக்கு இந்தப் பதில் எப்போதுமே வசதியாக இருந்து வந்திருக்கிறது. எல்லோருக்கும் சொந்தமானதை எடுக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லையே. பாட்டைப் படமாக்குவது பற்றி இங்கே பேச நினைக்கிறேன். ஒரு பாட்டைக் கேட்டு, துணி, தோல், தாள், மண், வண்ணம் என்று பல பொருள்களை ஒட்டிச் சேர்த்து ஒரு படம் செய்கிறோம். அந்தப் படம் பாடியவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறது? பாடியவர் 'வேணாம்' என்று சொன்னால் அந்தப் படம் என்ன ஆக வேண்டும்?

இது ஏதோ அழகியல் வகுப்பில் கேட்டு முடித்துவிடுகிற கேள்வி இல்லை. சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் எங்கள் காலனி இரவுப் பள்ளியில் இதை வைத்து மூன்று ராத்திரி சண்டை போட்டிருக்கிறோம்.

ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாளுக்கு வழக்கமாகப் பேனர் அடித்து வைப்போம். இந்த முறை பிள்ளைகள் பேனர் வேண்டாம், நாமே படம் செய்வோம் என்றார்கள். பன்னிரண்டு பிளைவுட் பலகை, பலகைக்கு ஒரு பாட்டு. சினிமாப் பாட்டு இருந்தது, கானா இருந்தது, நடவுப் பாட்டு இருந்தது. இன்குலாப் எழுதி கே.ஏ.குணசேகரன் பாடி ஊர் ஊராகப் போன 'மனுசங்கடா' இருந்தது. காசு கொடுத்துப் பெயிண்டு வாங்க வழியில்லை. கைக்குக் கிடைத்ததை எடுத்தார்கள்: உரச்சாக்கு, சுவரிலிருந்து கிழித்த சினிமா போஸ்டர், வீராணத்து வண்டல், சர்க்கரை ஆலைப் பக்கம் கிடைத்த கரும்புச் சக்கை, நெய்வேலிச் சாம்பல், பழைய கேசட்டிலிருந்து உருவிய நாடா. கரும்பு வெட்டுகிறவர் வீட்டுப் பிள்ளை சக்கையால் ஒரு முதுகைச் செய்திருந்தான். வெட்டி வெட்டி வளைந்துபோன முதுகு. எந்த ஓவியக் கல்லூரியிலும் அதைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

பன்னிரண்டாவது பலகைதான் பிரச்சனை. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். அவர் மகன் சென்னையில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிச் செத்தான். சாவு வீட்டில் அவர் வைத்த ஒப்பாரி தெருவுக்கே தெரியும். இரண்டு பெண்பிள்ளைகள் அதைக் கேட்டுக் கேட்டு, கேசட் நாடாவைச் சுருள் சுருளாக ஒட்டி, நடுவில் ஒரு வட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டு, சுற்றிலும் ஒப்பாரி வரிகளை எழுதி ஒரு படம் செய்தார்கள். பார்த்தவர்களுக்கெல்லாம் தொண்டை அடைத்தது. நகரத்திலிருந்து வந்திருந்த ஒருவர் பன்னிரண்டையும் எடுத்துப்போய்க் கண்காட்சி வைக்கிறேன், விற்றால் பணத்தைப் பள்ளிக்கே தருகிறேன் என்றார். பள்ளிக்கூரை மழைக்கு ஒழுகுகிறது. எல்லோருக்கும் சம்மதம். பெரியம்மாவிடம் சொன்னபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "அது எம் புள்ளைக்கு நாம் பாடுனது. அவனுக்குப் போய்ச் சேந்துடுச்சி. ஊருக்கு எதுக்குடா அது?"

தோழர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். அனுப்ப வேண்டும் என்றவர்கள் சொன்னதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த சட்டம் 2013இல் வந்தது. சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதையே 30 லட்சம் ஆக்கியது. சாவு மட்டும் நிற்கவில்லை. அப்படியிருக்க, இந்த ஒப்பாரி ஒரு தாயின் சொந்த அழுகை மட்டும்தானா? அது சாட்சியம் இல்லையா? ஒருத்தர் கூச்சத்துக்காக ஒரு சமூகத்தின் சாட்சியத்தை மூட்டை கட்டி வைக்கலாமா? இப்படிக் கேட்ட தோழர் களத்தில் எனக்கு மூத்தவர்.

நான் அனுப்பக்கூடாது என்ற பக்கம் நின்றேன். ஏன் என்று சொல்ல, நம் பக்கத்து ஊர்க்காரன் நந்தனிடமிருந்து தொடங்க வேண்டும்.

சேக்கிழார் கொள்ளிடக்கரை ஆதனூர் நந்தனைப் பற்றிச் சொல்லும்போது, அவன் கோயில்களுக்கு என்னென்ன கொடுத்தான் என்று கணக்குச் சொல்கிறார். பேரிகை போன்ற கருவிகளுக்குப் போர்த்தும் தோல், இழுத்துக் கட்டும் வார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை. அதாவது உள்ளே கேட்கும் இசை முழுவதும் வெளியே நிற்கிறவன் கொடுத்த உடம்பிலிருந்து வருகிறது. இதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. நந்தன் கொடுக்கிறான், கொடுக்கிறான், கொடுத்துக்கொண்டே இருக்கிறான். தோலைத் தர முடியாது என்று அவன் ஒருநாள் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தக் கதையில் நினைத்துப் பார்க்கவே இடமில்லை.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இதைக் கீர்த்தனையாக்கினார். அங்கே மறுப்பு வருகிறது, ஆனால் அது ஆண்டையின் மறுப்பு. சிதம்பரம் போகிறேன் என்று நந்தன் கெஞ்ச, நாற்பது வேலிப் பயிர் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறான் வேதியன். மறுக்கிற அதிகாரம் அவனிடம், உருகுகிற வேலை நந்தனிடம். இந்தப் பாட்டுகள் கதாகாலட்சேபமாகவும் நாடகமாகவும் போய்ப் பிறகு சினிமாவாயின. 1935இல் 'பக்த நந்தனா'ரில் கே.பி.சுந்தராம்பாள், 1942இல் ஜெமினியின் 'நந்தனா'ரில் எம்.எம்.தண்டபாணி தேசிகர். பாட்டிலிருந்து படம் வந்தது. நாம் பார்த்து வளர்ந்த நந்தனார் படங்களில் அந்த உடம்பு எப்படி நிற்கிறது? கை கூப்பி, தோள் ஒடுங்கி, எங்கோ தூரத்துக் கோபுரத்தைப் பார்த்தபடி. பாட்டுக்குள் இருந்த வயல்வேலை படத்தில் இல்லை, ஆண்டை இல்லை, தோல் இல்லை. உருக்கம் மட்டும் மிஞ்சியது. அதே நந்தன் பெயரைச் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் எடுத்தபோதுதான் அது பள்ளிக்கூடமாயிற்று, சேரிப் பிள்ளைகளுக்கு விடுதியாயிற்று.

இதெல்லாம் பழங்கதை என்று யாராவது சொல்லலாம். மிருதங்கம் செய்யும் தலித் கிறித்துவக் குடும்பங்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா எழுதிய புத்தகத்தின் வெளியீட்டுக்குக் கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது 2020இல். தோல் மேடை ஏறலாம், தோலைப் பற்றிய பேச்சு ஏறக்கூடாது. 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அறிவு எழுதி, தீயோடு சேர்ந்து பாடிய பாட்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா.ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகு அறிவுக்குத் தனியே ஒரு மின் அட்டை வந்தது. அட்டையில் இருந்தவர்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. ஒரு பாட்டு புகழ்பெற்றுப் படமாக மாறும் அந்த நொடியில், அதை எழுதியவன் எவ்வளவு சுலபமாகக் கழன்று விழுகிறான் என்பதைப் பாருங்கள். யாரும் சதி செய்ய வேண்டியதுகூட இல்லை. இந்தச் சமூகத்தில் பழக்கமே அந்த வேலையைச் செய்துவிடும்.

சரி, அப்படியானால் பாடியவரின் முகத்தைப் படத்தில் ஒட்டிவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா? பெயரைக் கீழே எழுதிவிட்டால் போதுமா? எம்.ஏ. தமிழ் படித்தபோது நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகளைப் பாடமாகப் படித்தேன். தொகுத்தவர் பெயர் அட்டையில் இருக்கும். பாடியவள் சில புத்தகங்களில் உள்ளே எங்கோ 'ஒரு முதியவள்' என்றிருப்பாள். முழுப்பெயரும் வயதும் ஊரும் போட்ட நல்ல தொகுப்புகளும் உண்டு. ஆனால் எந்தத் தொகுப்பிலும் 'இந்தப் பாட்டைத் தர மாட்டேன் என்று பாடியவர் சொன்னதால் இந்தப் பக்கம் வெறுமையாக விடப்படுகிறது' என்று ஒரு பக்கத்தை நான் பார்த்ததில்லை. பெயர் போடுவது மரியாதை. ஒருவரைச் சொந்தக்காரர் என்று ஒப்புக்கொள்வது அவருடைய 'முடியாது' என்ற சொல்லுக்குக் கட்டுப்படுவதில்தான் இருக்கிறது.

இதை நாம் பறையிடமிருந்தே கற்றிருக்க வேண்டும். 1990களில் எத்தனையோ ஊர்களில் நம்மவர்கள் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்றார்கள். அதற்காக அடி வாங்கினார்கள், வேலை இழந்தார்கள். அதே காலத்தில் இன்னொரு பக்கம் பறையை விடுதலையின் கருவி என்று மேடையேற்றினோம். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் என்று அப்போதும் வாதம் நடந்தது, இப்போதும் நடக்கிறது. எங்கள் பலகைகளிலும் அது வந்தது. கானாப் பாட்டுப் பலகையில் ஒரு பழைய பறைத்தோலை ஒட்டலாம் என்றபோது பாலிடெக்னிக் படிக்கும் பையன் எழுந்தான். "எங்க தாத்தா அடிச்சது போதும்ணே. நம்மளக் காட்டணும்னா மாட்டுத்தோல ஒட்டித்தான் காட்டணுமா? நான் மோட்டார் வைண்டிங் பண்றேன், அந்தச் செம்புக் கம்பிய ஒட்டு." ஒட்டினோம். அவன் பறையை அவமானம் என்று சொல்லவில்லை, யாரோ தன்மேல் ஒட்டுகிற அடையாளத்தை மறுத்தான். இன்று பறையைப் பெருமையாகத் தோளில் மாட்டுகிறவர்கள் மாட்ட முடிவதே, முதலில் அதைக் கீழே வைத்தவர்கள் இருந்ததால்தான். அடிக்க மாட்டேன் என்று சொல்ல முடிந்த அன்றுதான் பறை நம்முடையதாயிற்று. அதுவரை அது நம் கையில் இருந்த ஊர்ச்சொத்து.

மறுப்போடு கலை செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்குக் கேரளத்து சஜன் மணியைச் சொல்வேன். கண்ணூர்ப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் தலித் குடும்பத்திலிருந்து வந்தவர், பெர்லினில் வாழ்கிறவர். 2021இல் பெர்லின் கலைப் பரிசு வாங்கினார். பொய்கையில் அப்பச்சனின் (1879–1939) பாட்டுகளைத் தம் படைப்புக்கு எடுத்துக்கொண்டார். வரலாற்றில் எழுதப்படாமலே போன தம் மக்களைப் பற்றிப் பாடியவர் அப்பச்சன். அந்தப் பாட்டுகளைச் சஜன் மணி உடம்பை வருத்திப் பெரிய பரப்புகளில் கரியால் மலையாள எழுத்தாகவே எழுதுகிறார். ரப்பர் தாள்களில் படங்களை அச்சிடுகிறார். பெர்லினில் பார்க்க வருகிறவருக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. கரியின் கறுப்பு தெரியும், கை போன வழி தெரியும், ரப்பர் வாசம் வரும். பாட்டு முழுசாகக் கையில் கிடைக்காது. அவர் என்ன நினைத்துச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. நான் எடுத்துக்கொள்வது இதுதான்: படம் பாட்டைக் கொண்டுவந்து காட்டவும் செய்யலாம், எல்லாவற்றையும் கொடுத்துவிடாமல் நிற்கவும் செய்யலாம்.

திரும்பப் பெரியம்மாவிடம் வருகிறேன். சாட்சியம் ஊருக்குச் சொந்தம் என்ற தோழரின் வாதத்துக்கு என் பதில்: சாட்சி சொல்ல ஒருவரை அழைக்கலாம், இழுத்து வரக்கூடாது. செத்தவன் பெயர், வேலை கொடுத்தவன் பொறுப்பு, சட்டம் மதிக்கப்படாத கதை இதையெல்லாம் நாம் எழுதலாம், எழுதியாக வேண்டும். அதற்கு ஒரு தாயின் ஒப்பாரியை அவள் விருப்பமில்லாமல் சுவரில் மாட்ட வேண்டியதில்லை. அவள் உழைப்பைக் கேட்காமல் எடுத்தார்கள், மகனைக் கேட்காமல் குழிக்குள் இறக்கினார்கள். இப்போது விடுதலையின் பெயரால் நாமும் கேட்காமல் எடுத்தால், ஆண்டைக்கும் நமக்கும் நோக்கத்தில்தான் வித்தியாசம் இருக்கும், கையில் இருக்காது.

பதினொரு பலகை போயின. பன்னிரண்டாவது பெரியம்மா வீட்டில் இருக்கிறது. செய்த பெண்பிள்ளைகள் அவரிடமே கொடுத்துவிட்டார்கள். யாராவது பார்க்கக் கேட்டால் சில நாள் காட்டுகிறார், சில நாள் "இன்னிக்கு வேணாம், போ" என்கிறார். பள்ளிக்கூரை இன்னும் ஒழுகுகிறது. மூத்த தோழர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு அந்தப் பலகை கரையான் அரித்துப் போனால் யார் பதில் சொல்வது என்கிறார். நியாயமான கேள்விதான். அரித்துப் போனால் நமக்கு இழப்புத்தான். அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளத் தயாராக இல்லாதவர்கள், மாணவர்களானாலும் எழுத்தாளர்களானாலும், சேரியில் பாட்டுக் கேட்க வராமல் இருப்பது நல்லது.