செவிக்குள் ஓடும் மின்சாரம் யாருக்குச் சொந்தம்?

ஊரடங்கிய நள்ளிரவில், வெளியில் ஓசை எதுவும் இல்லாதபோதும் காதுக்குள் இடைவிடாத ரீங்காரம் கேட்குமாயின், அவ்வேதனையைப் பட்டவரே அறிவர். செவித்திறனையும் இழந்து இவ்விரைச்சலையும் சுமப்போர் பலர். உட்செவியில் பொருத்தப்படும் மின்கருவி, அவர்களுள் பலருக்கு ஓசையை மீட்டுத் தருவதோடு இரைச்சலையும் தணிக்கிறது. அக்கருவிக்குப் பின்னால் உள்ள அறிவு யாருடைய உடைமை?

1957 இல் பாரிஸ் நகரில் ஆந்திரே ஜூர்னோ, ஷார்ல் எய்ரியேஸ் என்னும் இருவர், செவி கேளாத ஒருவரின் செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டி ஓசையை உணரச் செய்தனர். கருவியை உருவாக்கிய ஜூர்னோ, அதனை ஒரு நிறுவனத்தின் தனியுடைமையாக்க இசையவில்லை. உயர்ந்த உள்ளந்தான், ஆயினும் அவ்விருவரின் கூட்டு முயற்சி நெடுநாள் நீடிக்கவில்லை.

ஆதலால் காப்புரிமையே கூடாதென்று நாம் கூறத் துணியோம். அக்காலத்து ஹகீம்களுள் சிலர், கைகண்ட மருந்தின் செய்முறையை மகனுக்கன்றி எவருக்கும் உரையாது, மகனில்லாதபோது கபுருக்கே கொண்டு சென்றதுண்டு. காப்புரிமைச் சட்டமோ, மறைக்காமல் எழுதி வை, இருபது ஆண்டுகள் பயன் உனக்கே என்கிறது. நியாயமான உடன்படிக்கைதான்.

2007 இல் அமெரிக்காவின் ஆல்ஃபிரட் மான் அறக்கட்டளை, ஆஸ்திரேலியாவின் காக்ளியர் நிறுவனத்தின்மீது கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது. உள்ளிருக்கும் கருவி தன் நிலையை வெளிக்கருவிக்குத் திருப்பி அறிவிக்கும் முறை தம்முடையது என்பது அதன் வாதம். 2014 இல் ஜூரிகள் விதித்த இழப்பீடு 13 கோடியே 10 இலட்சம் டாலர். 2018 இல் அது 26 கோடியே 80 இலட்சமாயிற்று.

எவர் அறிவை எவர் எடுத்தாண்டார் என்பதை மன்றம் நுணுகி ஆராய்ந்தது. அது அதன் கடமை. ஆனால் வாதியுமாகாமல் பிரதிவாதியுமாகாமல் ஒருவர் இருக்கிறார்: அக்கருவியைத் தம் தலைக்குள் தாங்கியிருப்பவர். ஒரு நிறுவனத்தின் உட்கருவிக்கு மற்றொன்றின் வெளிக்கருவி பொருந்தாது. செருப்புக் கடித்தால் கடையை மாற்றலாம். இங்கு மாற வேண்டுமெனில் மீண்டும் அறுவைச் சிகிச்சைதான். அறிவின்மீதான உரிமைக்கு ஆண்டுக்கணக்கில் எல்லை வகுத்த சட்டம், நோயாளியின்மீதான இந்தப் பிணைப்புக்கு எல்லை எதனையும் வகுக்கவில்லை. அது வாழ்நாள் முழுதும் தொடர்கிறது.

பழைய வெளிக்கருவியின் உற்பத்தியை நிறுத்தும் நிறுவனம், அதன் வரைபடங்களையேனும் பிறர் செய்து கொடுக்கும்படி வெளியிட வேண்டுமென நாம் கேட்பது மிகையாகுமா?