கண்ணில் படாத வேலை

தன் காரியத்தைத் தானே செய்துகொள்வதை ஒரு அறமாகப் பேசுவது நம்மிடையே வழக்கம். காந்தி யுகத்தின் மிச்சம் என்று இதைச் சொல்லலாம். ஆனால் அந்தச் செய்கையில் அறம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது அவ்வளவு தெளிவான விஷயமல்ல.

திருப்புட்குழியில், வீட்டு வாசலிலேயே, ஒரு பழைய காரின் முன்சக்கர பேரிங்குகளை மாற்றியபோது எனக்கு எழுந்த கேள்வி இது. 1983இல் மாருதி 800 வந்தபின் பரவிய, முன்சக்கரம் இழுக்கும் கார்களில் பேரிங்கைப் பிரஸ் வைத்து அழுத்தித்தான் பொருத்த வேண்டும். பழைய வண்டிக்குச் சுத்தியல் போதும். சக்கரத்துக்கு இரண்டு பேரிங். உள்ளே பெரியது, வெளியே சிறியது. ஒவ்வொன்றின் உருளைகளும் ஹப்புக்குள் அடித்து இறக்கிய எஃகு வளையத்தில் ஓடுகின்றன. பட்டறையில் அதைக் கப் என்பார்கள். பேரிங் கையோடு வந்துவிடும், கப் வராது. கம்பியை வைத்து இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு என்று மெல்ல இறக்க வேண்டும். புது பேரிங்கைப் பழைய கப்பிலேயே உட்கார்த்திவிட்டால் இந்தப் பாடு இல்லை. கிரீஸும் மூடியும் மறைத்துவிடும். வண்டியும் ஓடும். பழைய கப்பின் தேய்மானம் புது உருளைகளைத் தின்பது பிறகுதான் தெரியும்.

அறம் தொடங்குவது இங்கே. கூலிக்குச் செய்பவனுக்கு, கேள்வி கேட்க ஒரு வாடிக்கைக்காரர் உண்டு. வீட்டில் செய்பவன் தானே வேலையாள், தானே மேஸ்திரி. தன்னை மன்னித்துக்கொள்வதில் மனிதன் தாராளமானவன். 'என் கார், என் ஆபத்து' என்ற வாதமும் செல்லாது. ஊரையொட்டிச் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை போகிறது. அங்கே சக்கரம் கழன்றால், எதிரில் வரும் சைக்கிள்காரன் என் சுயசார்புக்குச் சம்மதம் தந்தவனல்ல.

ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் இது என்பது ஸ்தல ஐதீகம். புள், குழி என்று ஊர்ப் பெயரே அதைச் சொல்கிறது. மகன் செய்யவேண்டியதை மகனல்லாதவன் செய்தான். யாரும் வந்து கேட்க முடியாத கடன் அது. சாலையில் போகிற முகம் தெரியாதவர்களுக்கு நான் பட்டிருப்பதும் அந்த ஜாதிக் கடன்தான்.

கடைசியில், சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு சற்றுத் தளர்த்தி, ஸ்பிளிட் பின் போட வேண்டும். இறுக்கம் மிஞ்சினால் பேரிங் கருகும்; தளர்ச்சி மிஞ்சினால் சக்கரம் ஆடும். பிரேக்கை அதிகம் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி, இறங்கி, இரண்டு ஹப்பிலும் கை வைத்துச் சூட்டை ஒப்பிட வேண்டும். தன் கைவேலையைத் தானே சந்தேகிப்பது இது. சுயசார்பில் தன்னம்பிக்கையைவிட இந்தச் சந்தேகமே முக்கியமானது என்று எனக்குத் தோன்றுகிறது.