நீர்மட்டத்தில் ஏறும் பாரம்

நாமக்கல் மலையைக் குடைந்த நரசிம்மர் குகைக்கோயில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். சனிக்கிழமைக் கூட்டம் நரசிம்மரைச் சேவித்த கையோடு ஆஞ்சநேயரைப் பார்க்க ஓடிவிடும். இயற்பியல் வாத்தியாராகக் காலம் தள்ளிய எனக்கு, அதே குகையின் சுவரில் இருக்கும் வராகத்திடம்தான் வேலை. கடலுக்குள் கிடந்த பூமாதேவியைத் தூக்கி வருகிறாரே, அதில் எந்தக் கட்டம் கஷ்டம்?

கிணற்றில் தண்ணீர் சேந்தியவர்களைக் கேளுங்கள். நிறைந்த குடம் தண்ணீருக்குள் இருக்கும்வரை கயிறு விரலிலேயே நிற்கும். குடத்தின் அடி நீர்மட்டத்தை விடும்போதுதான் உள்ளங்கை எரியும். அதுவரை பாரத்தில் பெரும்பங்கைக் கிணறே தாங்கியிருக்கிறது. வராகத்துக்கும் மேலே வந்த பிறகுதான் முழுப் பாரமும் தெரிந்திருக்கும்.

ஏவுகணைக்காரர்களின் தலைவலியும் இதே இடத்தில்தான். 2008 பிப்ரவரி 26 அன்று விசாகப்பட்டினத்துக்கு அப்பால், நீரில் மூழ்கிய மேடையிலிருந்து கே-15 ஏவுகணை கிளம்பியது. 2022 அக்டோபர் 14 அன்று அரிஹந்த் நீர்மூழ்கியே வங்கக் கடலில் ஓர் ஏவுகணையை ஏவிக் காட்டியது. காற்றைவிட நீர் சுமார் 800 மடங்கு அடர்த்தி. மூக்கு காற்றில், வால் நீரில் இருக்கும் அந்த இமைப்பொழுதில் அலை வாலைப் பக்கவாட்டில் தள்ளும். உடம்பை ஒட்டி வந்த வாயுக் குமிழி நொறுங்க, சுற்றியிருந்த நீர் விலாவில் அறையும். 1960 ஜூலை 20 அன்று நீருக்கடியிலிருந்து சீறிய அமெரிக்காவின் பொலாரிஸை அழுத்தக் காற்றுதான் வெளியே தள்ளியது. மேலே வந்த பின்பே அதன் எஞ்சின் பற்றியது. பற்றாவிட்டால் மறுபடி கடல்தான். அணுகுண்டு சுமக்கிற சாமானை அவதாரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பேச எனக்கும் கூச்சம்தான். கணக்கு ஒன்றாக இருக்கிறதே, என்ன செய்ய!

கடலைவிட்டு மேலேறும் கேள்வி வைணவத்திலும் உண்டு. பிறவிக் கடலைத் தாண்ட, குரங்குக் குட்டிபோல நாம் பெருமாளைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலை. பூனைக் குட்டியைத் தாய் கவ்வுவதுபோல அவனே எடுப்பான் என்பது தென்கலை. நூற்றாண்டுகளாக நடக்கும் வழக்கு. ஆனால் இரண்டு தரப்புக்கும் கடல் என்றால் பகைதான். அது நம்மைத் தாங்கிக்கொண்டும் இருந்ததை யாரும் கணக்கில் சேர்ப்பதாகத் தெரியவில்லை.

என் பெரியப்பா ஒருவர் கோழிப்பண்ணையை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு ஸ்ரீரங்கம் போய்த் தங்கினார். தீவனக் கடன், முட்டை விலை, பங்காளிச் சண்டை எல்லாம் ஒரே நாளில் கழன்றன. மறுவாரம் போனில் அழுதார்: “விடிஞ்சா என்ன பண்றதுன்னே தெரியல கண்ணு.” இத்தனை வருஷம் அவரை அமுக்கிய கடன்தான் மிதக்கவும் வைத்திருக்கிறது. அருள் என்று ஒன்று இருந்தால், அது தேவைப்படுவது கடலுக்குள் கிடக்கும்போது அல்ல, வெளியே வந்த அந்த வாரத்தில்தான் என்று எனக்குப் படுகிறது. அந்த மட்டில் நான் தென்கலைக் கட்சி.

பிறகு பெரியப்பாவுக்கு அங்கே ஒரு மடத்தில் காய் நறுக்கும் வேலை அமைந்தது. போன் வருவது குறைந்துவிட்டது. அந்த வேலையை இவராகக் கேட்டு வாங்கினாரா, அவர்களாகக் கூப்பிட்டுக் கொடுத்தார்களா என்று விசாரித்தேன். “ரெண்டும்தான்” என்றார்.