படத்தைப் பார்த்த பிறகு

அக்காவுக்கு அமெரிக்கா, அரிசோனாவிலிருந்து ஒரு வரன். "பையன் எப்படின்னு கொஞ்சம் தேடிப் பாரு"ன்னு அம்மா சொன்னாங்க. தேடினேன். ஒரு தனியார் தளத்தில் போலீஸ் எடுத்த படம். கைதாம்!

அங்கே கைது விவரம் பொது ஆவணம். யாரையும் ரகசியமாக அடைத்து வைக்கக் கூடாது என்று வைத்த ஏற்பாடு, நல்ல நோக்கம்தான். ஆனால் மரிக்கோபா கவுண்டியில், கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி, ஷெரிப் அலுவலகமே கைதானவர்களின் படம், பெயர், பிறந்த தேதியை இணையத்தில் போட்டது. சில நாளில் எடுத்துவிடும். அதற்குள் தனியார் தளங்கள் நகலெடுத்துவிடும். விசாரணைக்கு முன்பே தண்டிப்பதாக இதைக் கருத இடமிருக்கிறது என்று 2024ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

கைதுப் பதிவு வேறு, வழக்கு என்னவானது என்ற பதிவு வேறு. நீதிமன்றப் பதிவைத் தனியாகத் தேடினேன். வழக்கு தள்ளுபடி. அங்கே படம் இல்லை.

நண்பர்களே, அம்மாவிடம் படத்தைக் காட்டினால் தள்ளுபடியை யார் படிப்பாங்க? மறைத்தால் அக்காவுக்குத் துரோகம். இரண்டு நாள் தூக்கமில்லை. கடைசியில் இரண்டையும் அக்காவிடமே காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்துவிட்டு அக்கா கேட்டாங்க: "இதை அவருகிட்டயே கேட்டிருக்கலாமே?"