பிழைத்தல்

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் புளி விற்கிறவர் மகனைக் காட்டி, 'கைக்குழந்தையில நெஞ்சு ஆபரேஷனுங்க. பொழச்சிக்கிட்டான்' என்றார். பையன் ஏழாவது படிக்கிறான்.

பிழை, பிழைத்தல் இரண்டையும் நம் மொழி ஒரே வேரில் வைத்திருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தில் அது துல்லியம். மகாதமனி பிறவியிலேயே ஓரிடத்தில் குறுகிவிடுகிறது. கருவில் இயங்கிய ஒரு நாளம், பிறந்த பிறகும் சில நாட்கள் திறந்திருந்து இக்குறையை மறைத்துவைக்கிறது. தொடையிடுக்கில் நாடி பார்க்கும் விரலும் அதுவரை ஏமாறலாம். நாளம் மூடியதும், நன்றாயிருந்த சிசு பால் மறுத்துச் சாம்பலாகிக் கிடக்கிறது.

1944ல் ஸ்டாக்ஹோமில் க்ராஃபோர்ட் குறுகலை வெட்டியெடுத்து முனைகளைச் சேர்த்துத் தைத்தார். அவருடைய முதல் நோயாளிக்கு இந்தப் பையனின் வயது: 12. சிசுக்களுக்கு அது நெடுங்காலம் ஆபத்தாகவே இருந்தது. 1970களின் பிற்பகுதியில் புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்து அந்த நாளத்தைத் திறந்துவைத்து அவகாசம் தந்தது. இன்று, வேறு இதயக் கோளாறு இல்லையென்றால், ஆபரேஷனில் இறக்கும் சிசுக்கள் நூற்றுக்கு ஒரு சிலரே. (ஓசூர் ரோட்டில், பொம்மசந்திராவில், நாராயணா ஹிருதயாலயா தொடங்கியபின் இப்பகுதியினருக்கு இருதயம் கர்நாடகத்தில் இருக்கிறது.)

இதை வெற்றி என்று எழுதுகிறார்கள். பெரும்பாலும் முப்பது நாள் கணக்கு அது. சீக்கிரம் அறுத்தால் தையலிடத்தில் குறுகல் திரும்பக்கூடும். தாமதித்தால் ரத்த அழுத்தம் உயர்ந்தே நின்றுவிடக்கூடும். குறுகல் போனாலும், குறுகலுக்குப் பழகிய உடம்பு போவதில்லை. 1966ல் வால்ட்ஹாசனும் நார்வோல்டும் இடது கைக்குப் போகும் தமனியை அறுத்து விரித்து, குறுகலின்மேல் ஒட்டுப்போடும் முறையைச் சொன்னார்கள். உயிர் நின்றது; அந்தக் கையில் நாடி மெலிந்தது, சிலருக்கு வளர்ச்சியும் சற்றுக் குறைந்தது. கையைக் கேட்டு எடுக்கவில்லை. கேட்க அங்கே ஒருவன் இன்னும் உருவாகியிருக்கவில்லை என்பதுதான் அச்செயலின் நியாயம். எனக்கு அது போதுமானதாகவே படுகிறது.

அந்த நியாயம் பையன் பேசத் தொடங்கியதும் காலாவதியாகிறது. 'அவங்கிட்ட சொல்லலீங்க, பயந்துடுவான். செக்கப்பெல்லாம் நிறுத்தி நாலு வருசமாச்சு' என்றார் அப்பா. டாக்டர் முப்பது நாளில் முடித்த கதையை இவர் ஒரு வினைமுற்றில் முடித்துவிட்டார். அழுத்தம் தலைவலியாகக்கூட அறிவிக்காமல் வருஷக்கணக்கில் ஏறும். முடிக்க முடியாதவன் மூட்டைமேல் உட்கார்ந்து சில்லறை எண்ணிக்கொண்டிருந்தான். முதல் முறை கேட்க ஆளில்லை, இப்போது இருக்கிறான். இந்த மௌனம் அன்பினால் என்பது அதைச் சரியாக்கிவிடுவதில்லை.

சொன்னேன். தராசைப் பார்த்தபடியே, 'பத்தாவது முடிக்கட்டுங்க' என்றார்.