கொல்லாமை தனியொருவர் விரதமா, சங்க நெறியா?



பஞ்சசீலத்துள் முதலாவது உயிர்க்கொலை விலக்கலாகும். அதனையொட்டி இந்நாளில் ‘வீகன்’ என்னும் கொள்கை பலராலும் பேசப்படுகின்றது. புலாலோடு பால், நெய், முட்டை, தேன், தோல், பட்டு ஆகியவற்றையும் விலக்குதலே அஃது. 1944-ஆம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்னும் தச்சுவேலை ஆசிரியரும் நண்பர் சிலரும் இதற்கெனச் சங்கம் கண்டனர். பசு ஈன்றாலன்றிப் பால் சுரவாது. ஈன்றது காளைக்கன்றாயின் பால்பண்ணைக்கு அது வேண்டுவதில்லை. மடி வற்றிய பசுவும் வேண்டுவதில்லை. இரண்டும் கொலைக்களம் செல்கின்றன. இவ்வுண்மையை உலகறியச் செய்யவே அவர்கள் ஒன்றுகூடினர்.

இன்றோ அக்கொள்கை பெரிதும் கடைச்சரக்காகிவிட்டது. பசும்பால் விற்கும் பெருநிறுவனங்கள் சிலவே பாதாம்பாலும் விற்கின்றன. அதனை வாங்கியவுடன் கடமை முடிந்ததெனச் சிலர் அமைதியுறுகின்றனர். ஆலையில் பல்லாண்டு தறி ஓட்டிய யான் அறிந்தது ஒன்றுண்டு: ஒருவன் மட்டும் வேலையை நிறுத்தினால் அவ்விடத்தில் வேறொருவன் நிறுத்தப்படுவான், ஆலை ஓடிக்கொண்டேயிருக்கும்.

1791-இல் அடிமை வாணிபத்தை ஒழிக்கும் மசோதாவை ஆங்கிலப் பாராளுமன்றம் தள்ளிற்று. அதுகண்டு பல்லாயிரம் குடும்பத்தார் அடிமைகள் விளைவித்த சர்க்கரையைத் துறந்தனர். துறந்ததோடு நில்லாது, 1792-இல் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட மனுக்களை ஊர்தோறும் கையொப்பமிட்டு அனுப்பினர். 1807-இல் அவ்வாணிபம் சட்டத்தால் தடுக்கப்பட்டது. வீட்டில் கொண்ட விரதம் ஊர்க்கூட்டத்தில் கலந்தபோதன்றோ அதற்கு வலிமை உண்டாயிற்று?

பகவன் புத்தரின் நெறியும் இதுவே. ஊனுண்ணாமையைப் பிக்குகள் அனைவர்க்கும் கட்டாயமாக்குமாறு தேவதத்தன் கேட்டபோது பகவன் இசைந்திலர். ஆயினும் உபாசகர்க்கு ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு என்னும் ஐந்து வாணிபங்களை விலக்கினார். உண்போன் கலத்தை மட்டும் நோக்காது, கொலையால் பொருளீட்டும் தொழிலையே அவர் நோக்கினார் என்பதை உணர்மின்.

அசோகச் சக்கரவர்த்தி முதற் பாறைச் சாசனத்தில் தம் அடுக்களையையும் கூறினார். நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் மாய்ந்த அங்கே, கொலை இரு மயில் ஒரு மானளவிற்குக் குறைந்தது. அவையும் இனிக் கொல்லப்படா என்றார். இரண்டாம் சாசனமோ மக்களுக்கும் விலங்குகளுக்கும் செய்த மருத்துவ ஏற்பாட்டைச் சோழ பாண்டிய நாடுகளையும் சுட்டிக் கூறுகின்றது.

நம்மவர்க்கு ஓர் எச்சரிக்கை. உண்ணும் உணவைக் காட்டி மனிதரை இழிந்தோராக்கிய கொடுமையைப் பாபாசாகேப் அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட ‘தீண்டப்படாதார்’ நூலில் ஆராய்ந்துள்ளார். பாலை விட்டவன் மாட்டிறைச்சி உண்ணும் அண்டை வீட்டானை இகழ்வானாயின், அவன் கருணையை வளர்க்கவில்லை. புதியதொரு வருணத்தைப் படைக்கின்றான். தோல் பதனிடுவோரும் இறைச்சி வெட்டுவோரும் நம் உறவினரே. வேறு பிழைப்பின்றி அத்தொழில் செய்வோரைப் பழிப்பது தன்மமாகாது. அவர்க்கு மாற்றுத் தொழிலும், அவர்தம் மக்களுக்குக் கல்வியும் வேண்டிப் போராடுவதும் கொல்லாமையின் பகுதியேயாம்.

ஆதலின், இயன்றோர் பாலையும் புலாலையும் விடுக, இயலாதோரை வெறாதிருக்க. வரும் பௌர்ணமிக் கூட்டத்தில் இதனை எல்லாருமாக ஆராய்வோம். விகாரையின் பொதுவிருந்தை உயிர்க்கொலை சாராத உணவால் அமைப்போம். தோற்பணி செய்யும் குடும்பங்களின் குறைகளைக் கேட்டு, அவற்றைச் சங்கத்தின் பெயரால் அரசினர்க்கு எழுதுவோம். புத்தத்தையும் தன்மத்தையும் சரணடைந்த நாம் சங்கத்தையும் சரணடைந்தவரல்லமோ?

மன்னுயிர் யாவும் அச்சம் நீங்கி வாழ்க!