தேய்ந்தது பொறியா? நெறியா?

முதல் தேதி தவறினால் வார்த்தை தடிக்கும். முன்பணம் குறைந்தால் சாவி கிடைக்காது. ஆனால், வீட்டிலே பொருத்திய கீசர் சுடாவிட்டால் மட்டும், "அது உங்கள் பாடு!" என்கிறார்கள். வீடு அவருடையது, வாடகை அவருடையது, பழுது மட்டும் நம்முடையதாம்! இது எந்த ஊர் நியாயம்?

தாம்பரத்தை அடுத்த சேலையூரில் நம்மோடு பணியாற்றும் ஆசிரிய நண்பர் ஒருவர் குடியேறினார். கீசரும் மோட்டாரும் உண்டு என்று சொல்லி, அவற்றுக்கும் சேர்த்தே வாடகை பேசப்பட்டது. நான்காம் திங்களில் கீசர் நின்றது. திறந்து பார்த்த மின்பணியாளர், சுருளைச் சுற்றிச் சுண்ணாம்புப் பாறைபோல் படிந்திருந்த உப்பைக் காட்டி, "இது நான்கு மாதத்து உப்பு அல்ல, பல வருடத்து உப்பு" என்றார். வீட்டுக்காரரோ, "உங்கள் கையில்தானே சார் கெட்டது? மாற்றிக் கொடுங்கள், இல்லையேல் முன்பணத்தில் கழித்துக்கொள்வேன்" என்றார். நண்பரின் தாயார், "நம் நேரம் சரியில்லை" என்று பெருமூச்செறிந்தார்.

நேரமா? இல்லை, தோழர்களே, நீர்! புறநகரில் பல இடங்களில் ஆழ்குழாய் நீர் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீர். சுடச் சுட அந்த உப்புகள் சுருளின்மேல் படிகின்றன. படிவு தடிக்கத் தடிக்க வெப்பம் நீரைச் சென்று சேர்வதில்லை. சுருள் தன் சூட்டிலேயே வெந்து அறுகிறது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி கெட்டாலோ மின்சாரம் வீணே பாய்கிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டண முறையில், இரு திங்களுக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், அதுவரை கிடைத்த மலிவு விலையும் ஒரு பகுதி பறிபோகும். பழுதுக்கு ஒரு தண்டம், மின்கட்டணத்தில் மறு தண்டம்! கோளின் குற்றமா இது? கவனிப்பாரற்ற கொதிகலனின் குற்றம்!

"சட்டமே அப்படித்தானே?" என்பர். பார்ப்போம். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அகற்றிவிட்டு, உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணை கட்டடம், வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுதல், மின்கம்பி ஆகியவற்றை உரிமையாளருக்கும், குழாய் வாஷர், சுவிட்சு, கீசர் பழுது ஆகியவற்றைக் குடியிருப்பவருக்கும் பங்கிடுகிறது. நாம் திருகித் தேய்த்த வாஷரை நாம் மாற்றுவது முறை, மறுக்கவில்லை. ஆனால், நாம் வருமுன்பே செத்துக்கொண்டிருந்த கீசருக்கும் நாமா பாடை கட்டுவது? பழுது யாருடையது என்று கேட்கும் அட்டவணை, எப்போது தொடங்கிய பழுது என்று கேட்கவில்லையே!

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 108ஆம் பிரிவில், தாம் அறிந்த, குடியேறுபவர் எளிதில் கண்டறிய முடியாத பெருங்குறையை உரிமையாளர் முன்கூட்டியே சொல்லவேண்டும் என்கிறது. மனைக்குச் சொன்ன அந்த நெறி, மனைக்குள் இருக்கும் பொறிக்கு ஆகாதா? இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, குறுகிய காலக் குத்தகை வீடுகளில் நீரைச் சூடாக்கும் அமைப்பைப் பழுதின்றி வைத்திருக்கும் கடமையை உரிமையாளர்மேலேயே சுமத்துகிறது. சட்டம் ஊருக்கு ஊர் மாறும், நியாயம் மாறலாமா?

வீட்டுக்காரர் எல்லோரும் செல்வச் சீமான்கள் அல்லர். ஓய்வுபெற்ற பணத்தைப் போட்டு மாடி எழுப்பி, அந்த வாடகையில் மருந்து வாங்கும் முதியவர்களும் உண்டு. வேண்டுமென்றே உடைத்தவர் ஈடு கட்டத்தான் வேண்டும். ஆனால் வாடகை என்பது என்ன? பயன்படுத்துவதற்கான விலை, ஆகவே, தேய்வதற்கான விலையும் அதில் அடக்கம். பத்துக் குடித்தனங்கள் அதைக் கொடுத்துவிட்டுச் சென்றபின், பதினோராவது குடித்தனம் பத்துப் பேர் தேய்மானத்தையும் மீண்டும் சுமப்பதா?

நண்பர் என்ன செய்தார்? பணம் கட்டினார். "குழந்தைக்குத் தேர்வு நேரம், வேறு வீடு தேட முடியுமா? கட்டிவிடுங்கள்" என்று சொல்லிக் கொடுத்தவர்கள் யார்? நாம்தான்! மேடையில் விதியை மறுத்த நாமே, வாடகை வீட்டு வாசலில் விதிக்கு வக்காலத்து வாங்கினோம். அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்தோம்; உண்மைப் பெயர் அச்சம்.

இனியேனும் குடியேறும் நாளில் இருவரும் சேர்ந்து ஒவ்வொரு பொறியையும் இயக்கிப் பார்ப்போம். வாங்கிய ஆண்டையும், இருக்கும் நிலையையும், பழுதானால் யார் பொறுப்பு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக் கையொப்பமிடுவோம். "நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டால், "நம்பிக்கை நிலைக்கத்தான் எழுதுகிறோம்" என்போம். கெட்ட கீசரை மாற்றப் பணம் போதும். கேட்க அஞ்சும் நெஞ்சை மாற்ற நாம்தான் வேண்டும்!